வால்வு கிட்டார் ஆம்ப்: இரண்டு இன்புட் ஜாக்கும் ஒரே அளவில் ஒலிக்கின்றன, லைன் அவுட்டை எங்கிருந்து எடுப்பது?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். முதல் நிலையில் ஒரு 12ஏஎக்ஸ்7 வால்வு (வெற்றிடக் குழாய்), ஃபேஸ் இன்வெர்ட்டருக்கு (சிக்னலை எதிரெதிரான இரண்டாகப் பிரிக்கும் நிலை) இன்னொரு 12ஏஎக்ஸ்7, வெளியீட்டில் ஒரு ஜோடி இஎல்84 என்று சுமார் 15 வாட் தரும் ஆம்ப் ஒன்றைச் சொந்தமாகக் கட்டி முடித்திருக்கிறேன். வால்வுகளின் எல்லாக் கால்களிலும் மின்னழுத்தம் வரைபடத்தில் உள்ளபடியே இருக்கிறது. பழைய ஃபெண்டர் ஆம்புகளைப் போல 'ஹை', 'லோ' என இரண்டு இன்புட் ஜாக்குகளை வைத்து, இரண்டு 68 கிலோ ஓம் மின்தடைகளையும் ஒரு 1 மெகா ஓம் மின்தடையையும் கொண்டு இணைத்தேன்.

சிக்கல் என்னவென்றால், கிட்டாரை எந்த ஜாக்கில் செருகினாலும் சத்தம் ஒரே அளவில்தான் வருகிறது. அதோடு, கிட்டாரின் டோன் குமிழைப் பாதி குறைத்துவிட்டதுபோல ஒலி மழுங்கிக் கேட்கிறது. எதையும் செருகாதபோது ஆம்ப் அமைதியாகவே இருக்கிறது.

இன்னொன்று: கணினியில் பதிவு செய்ய ஒரு லைன் அவுட் ஜாக்கும் சேர்க்க விரும்புகிறேன். இரவு நேரத்தில் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு லைன் அவுட்டை மட்டும் பயன்படுத்த முடியுமா?

முதல் மறுமொழி

இரண்டாவது கேள்விக்கு உடனடியாக ஒரு பதில்: ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு ஆம்பை இயக்காதீர்கள். காரணத்தை வேறு யாரேனும் விரிவாகச் சொல்லக்கூடும். நான் ஜாக் சிக்கலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஆம்பைத் திறக்கவே வேண்டாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, கிட்டார் கேபிளின் ஒரு முனையை 'ஹை' ஜாக்கில் செருகி, மறுமுனையில் தொங்கும் பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே உள்ள மின்தடையை மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். பிறகு 'லோ' ஜாக்கிலும் அதையே செய்யுங்கள். சரியாக இணைத்திருந்தால் முதலாவதில் 1 மெகா ஓமும் இரண்டாவதில் 136 கிலோ ஓமும் காட்ட வேண்டும். உங்களுக்கு என்ன காட்டுகிறது?

கேட்டவர்

'ஹை' ஜாக்கில் ஏறத்தாழ 120 கிலோ ஓம். 'லோ' ஜாக்கில் 136 கிலோ ஓம். இரண்டு முறை அளந்தேன், மாற்றமில்லை.

முதல் மறுமொழியாளர்

அந்த 120 என்ற எண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. இரண்டு 68 கிலோ ஓம் மின்தடைகள் தொடராக நின்றால் 136. அதற்கு இணையாக 1 மெகா ஓம் நின்றால் ஏறக்குறைய 120. அதாவது, 'ஹை' ஜாக்கில் செருகும்போது 'லோ' ஜாக்கின் நுனித் தொடர்பு தரையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'லோ' ஜாக்கின் சுவிட்ச் தொடர்பை (பிளக் இல்லாதபோது மட்டும் நுனித் தொடர்பைத் தொடும் தகடு) நீங்கள் தரைக் கம்பியில் பற்றவைத்திருப்பீர்கள். இரண்டு ஜாக்குகளுக்கும் ஒரே மாதிரி செய்வதுதான் முறை என்று கை தானாகப் போய்விடும். நானும் ஒருமுறை அப்படிச் செய்தவன்தான்.

சரியான இணைப்பில் 'ஹை' ஜாக்கின் சுவிட்ச் தொடர்பு மட்டுமே தரைக்குப் போகும். 'லோ' ஜாக்கின் சுவிட்ச் தொடர்பு 'ஹை' ஜாக்கின் நுனிக்குப் போக வேண்டும். அப்போது 'ஹை'யில் மட்டும் பிளக் இருந்தால், 'லோ'வின் நுனியும் அதே சிக்னலைப் பெறுகிறது. இரண்டு 68 கிலோ ஓம் மின்தடைகளும் இணையாகச் சேர்ந்து 34 கிலோ ஓமாகி வால்வின் உள்ளீட்டு முனையான கிரிட்டுக்குச் செல்கின்றன. கிட்டாருக்குத் தெரியும் சுமை 1 மெகா ஓம் மட்டுமே. 'லோ'வில் மட்டும் பிளக் இருந்தால், 'ஹை'யின் நுனி தரையில் இருப்பதால் இரண்டு மின்தடைகளும் சிக்னலைச் சரிபாதியாகப் பிரிக்கின்றன. அதாவது 6 டெசிபெல் குறைவு. எதுவும் செருகாதபோது 'லோ'வின் நுனி, 'ஹை'யின் நுனி வழியாகத் தரைக்குச் சென்று ஆம்ப் அமைதியாகிறது. உங்கள் ஆம்பில் இரண்டு ஜாக்குகளுமே 'லோ'வாக இருக்கின்றன, அவ்வளவுதான்.

ஒலி மழுங்கியதற்கும் இதுவே காரணம். கிட்டாரின் பிக்கப் ஒரு சுருள். அதன் தூண்டல் 3 ஹென்றி என்று வைத்துக்கொண்டால், 4 கிலோஹெர்ட்ஸில் அதன் எதிர்ப்பு ஏறத்தாழ 75 கிலோ ஓம். பிக்கப்பும் கேபிளின் மின்தேக்கமும் சேர்ந்து அந்த வட்டாரத்தில்தான் ஒத்ததிர்வு கொள்கின்றன; ஒலியின் மினுமினுப்பு அங்கிருந்துதான் வருகிறது. அதற்கு எதிரே 120 கிலோ ஓம் சுமையை வைத்தால் அந்த மேடு படுத்துவிடும். 1 மெகா ஓம் வைத்தால் மேடு அப்படியே நிற்கும்.

ஒரே ஒரு கம்பியை இடம் மாற்றினால் போதும். ஆனால் அதற்கு ஆம்பைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதால், ஃபில்டர் மின்தேக்கிகள் (மின்வழங்கலின் உயர் மின்னழுத்தத்தைத் தேக்கி வைப்பவை) காலியானதை மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். மின்தேக்கிகளைக் காலியாக்கும் மின்தடை எதையும் வைக்கவில்லை என்றால் இப்போதே வையுங்கள்: 47 மைக்ரோஃபாரடுக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் வைத்தால் 400 வோல்ட்டிலிருந்து 50 வோல்ட்டுக்கு இறங்க இருபது விநாடிகளுக்குச் சற்று மேல் ஆகும்.

கேட்டவர்

நீங்கள் சொன்ன கம்பியேதான். மாற்றியதும் 'ஹை'யில் 1 மெகா ஓம் காட்டுகிறது. ஒலியும் திறந்துகொண்டது, மிக்க நன்றி. ஆனால் இப்போது வால்யூமை ஏற்றிவைத்து வாசிக்காமல் இருந்தால், யாரோ பக்கத்து அறையில் பேசுவதுபோல மெல்லிய வானொலிக் குரல் கேட்கிறது. இரண்டு 68 கிலோ ஓம் மின்தடைகளும் ஜாக்கின் மேலேயே இருக்கின்றன. அங்கிருந்து வால்வின் 2ஆம் காலுக்குச் சாதாரணக் கம்பி ஒன்று, ஒரு சாண் நீளத்துக்கு, போகிறது.

இரண்டாம் மறுமொழி

அந்த ஒரு சாண் கம்பிதான் உங்கள் ஏரியல். 12ஏஎக்ஸ்7இன் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் (வால்வின் வெளியீட்டு முனை) இடையே 1.6 பிக்கோஃபாரட் அளவுதான் மின்தேக்கம். ஆனால் அந்த நிலை ஏறத்தாழ 60 மடங்கு பெருக்குவதால், கிரிட்டில் அது 100 பிக்கோஃபாரடாகத் தெரியும். கிரிட்டுக்கு முன் நிற்கும் மின்தடையும் இந்த மின்தேக்கமும் சேர்ந்துதான் வானொலி அலைவரிசைகளை வடிகட்டுகின்றன. 34 கிலோ ஓமுக்குக் கணக்கிட்டால் ஏறத்தாழ 47 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் குறையத் தொடங்கும். ஆனால் மின்தடைக்குப் பிறகு வரும் கம்பி நேராகக் கிரிட்டோடு இணைந்திருப்பதால், அது வாங்கும் எதுவும் இந்த மின்தடையைக் கடக்காமலே வால்வுக்குள் போய்விடுகிறது.

ஜாக் இணைப்பைக் கலைக்காமல் தீர்வு காண, வால்வு சாக்கெட்டின் 2ஆம் காலிலேயே 10 கிலோ ஓம் மெட்டல் ஃபிலிம் மின்தடை ஒன்றைப் பற்றவையுங்கள். சாக்கெட் பக்கத்துக் காலை அரிசி மணி அளவுக்கு விட்டு வெட்டிவிடுங்கள். ஜாக்கிலிருந்து அந்த மின்தடைவரை ஷீல்டு கம்பி போடுங்கள். ஷீல்டை ஜாக் பக்கம் மட்டும் தரையோடு இணைத்து, வால்வு பக்கம் வெட்டி உறையிட்டு விடுங்கள். இரு பக்கமும் இணைத்தால் வானொலி போய் ஹம் (மின்வழங்கலின் ரீங்காரம்) வந்து சேரும்.

என்னைக் கேட்டால், 'லோ' ஜாக்கே தேவையில்லை. ஒரே ஜாக், அதில் 1 மெகா ஓம், சாக்கெட்டில் ஒரு 33 கிலோ ஓம் என்று முடித்துக்கொள்வேன். மின்தடை பெரிதாக ஆக அதன் சொந்த இரைச்சலும் கூடும்: 20 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் 68 கிலோ ஓம் ஒன்று 4.7 மைக்ரோவோல்ட் இரைச்சல் தரும். 10 கிலோ ஓம் 1.8 மட்டுமே.

முதல் மறுமொழியாளர்

இதில் எனக்கு உடன்பாடில்லை. வலுவான பிக்கப் உள்ள கிட்டாரையோ, முன்னால் ஒரு பெடலையோ வைத்து வாசிப்பவருக்கு முதல் வால்வு சீக்கிரமே திணறிவிடும். அந்த 6 டெசிபெல் அப்போது உதவும். ஏற்கெனவே துளையிட்டுப் பொருத்திய ஜாக்கைக் கழற்றவும் காரணமில்லை. 10 கிலோ ஓம் யோசனை நல்லது.

இரண்டாம் மறுமொழியாளர்

சரி, அது அவரவர் விருப்பம். லைன் அவுட்டுக்கு வருகிறேன்.

சுமையில்லாமல் இயக்கக்கூடாது என்பதன் காரணம் இது: வெளியீட்டு டிரான்ஸ்ஃபார்மரின் மறுபக்கத்தில் ஸ்பீக்கர் இல்லையென்றால், இஎல்84 மின்னோட்டத்தைச் சட்டென நிறுத்தும் ஒவ்வொரு முறையும் முதன்மைச் சுருளில் மின்னழுத்தம் கட்டுக்கடங்காமல் எகிறுகிறது, சாக்கெட்டின் கால்களுக்கு இடையே பொறி பறக்கும், அல்லது சுருளின் காப்பு பொத்துப்போகும். லைன் அவுட் ஜாக் சுமையாகாது. அதில் உள்ள மின்தடைகள் ஆயிரக்கணக்கான ஓம் மதிப்புள்ளவை. அதனால்தான் பழைய ஆம்புகளில் ஸ்பீக்கர் ஜாக்கைப் பிளக் இல்லாதபோது வெளியீட்டைக் குறுக்குச்சுற்றாக்கும் வகையில் அமைத்தார்கள். திறந்த சுற்றைவிடக் குறுக்குச்சுற்றை இத்தகைய ஆம்ப் நன்றாகப் பொறுத்துக்கொள்ளும். உங்கள் ஸ்பீக்கர் ஜாக்கிலும் அதைச் செய்யுங்கள்.

இரவில் பதிவு செய்ய வேண்டுமென்றால் ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் மின்தடை ஒன்றை, வெப்பத்தை வெளியேற்றும் அலுமினியத் தகட்டில் திருகி, சுமையாக வையுங்கள். அதன் திறன் 15 வாட் இருந்தால் போதாது. ஆம்பை முழுக்கத் திணறடித்தால் அலைவடிவம் சதுரமாகி, 15 வாட் ஆம்ப் 30 வாட்டை நெருங்கிவிடும். ஆகவே 50 வாட் மின்தடையே வாங்குங்கள்.

15 வாட் 8 ஓமில் இறங்கும்போது ஏறத்தாழ 11 வோல்ட். ஸ்பீக்கரின் உயிர்முனையிலிருந்து 10 கிலோ ஓம், அங்கிருந்து தரைக்கு 1 கிலோ ஓம் வைத்து, இரண்டும் சந்திக்கும் இடத்தில் எடுத்தால் 1 வோல்ட் கிடைக்கும். லைன் இன்புட்டுக்கு அது சரியான அளவு. மைக் இன்புட்டில் செருகாதீர்கள். 1 கிலோ ஓமுக்குப் பதில் அதே மதிப்புள்ள பொட்டென்ஷியோமீட்டர் வைத்தால் அளவைக் குறைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு மின்தடைகளும் சேர்ந்து எடுத்துக்கொள்வது பதினைந்து மில்லிவாட்கூட இல்லை. கால் வாட் மின்தடை தாராளம்.

கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாகச் சரிந்துவிடும். லைன் அவுட்டில் அந்தச் சரிவு இருக்காது என்பதால் திணறிய ஒலி ஈ மொய்ப்பதுபோலக் கேட்கும். நிலையான 1 கிலோ ஓமே வைத்திருந்தால், அதன் குறுக்கே 33 நானோஃபாரட் போட்டுப் பாருங்கள்; ஏறத்தாழ 5.3 கிலோஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக இறங்கும். உண்மையான ஸ்பீக்கரின் சரிவு இதைவிட மிகச் செங்குத்தானது, அதற்குக் கணினியில் ஸ்பீக்கர் பெட்டியைப் போல ஒலிக்கச் செய்யும் கேபினெட் மென்பொருளைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் மறுமொழி

வெளியீட்டு வால்வுகளுக்கு முன்னால், பிளேட்டிலிருந்தே சிக்னலை எடுக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். அங்கே நூற்றுக்கணக்கான வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கிறது. அதற்கும் உங்கள் கணினிக் கருவிக்கும் இடையே ஒரே ஒரு மின்தேக்கி. அது பழுதானால் பதிவுக் கருவி போய்விடும். ஸ்பீக்கர் பக்கம் எடுப்பதே மேல்.

நான் சொல்ல வந்தது ஹம் பற்றி. ஆம்புக்கும் கணினிக்கும் தனித்தனியாக எர்த் இருப்பதால், லைன் கேபிளின் ஷீல்டு அவற்றை இன்னொரு முறை இணைத்து வளையமாக்கிவிடும். அப்போது ஆம்பின் எர்த் கம்பியை வெட்டிவிடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். உள்ளே உயர் மின்னழுத்தம் ஆம்பின் உலோகச் சட்டமான சேசிஸைத் தொட்டுவிட்டால், அந்தக் கம்பி இல்லாமல் உங்கள் கையும் கிட்டாரின் தந்தியும்தான் வழியாகும். மின்தடைப் பிரிப்பானுக்குப் பிறகு 1:1 ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்து, அதன் மறுபக்கத்தைச் சேசிஸைத் தொடாத பிளாஸ்டிக் ஜாக்கில் இணையுங்கள். இன்புட் ஜாக்குகள் உலோகமாக இருக்கலாம், லைன் ஜாக் மட்டும் கூடாது. பிரிப்பானுக்கு முன்னால் வைத்தால் பேஸ் சுரங்களில் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் நிறைவடைந்து கரகரக்கும்.

கேட்டவர்

10 கிலோ ஓமும் ஷீல்டு கம்பியும் போட்டுவிட்டேன், வானொலிக் குரல் போய்விட்டது. ஆடியோ டிரான்ஸ்ஃபார்மரும் கையில் இருக்கிறது. சேசிஸில் மீதமுள்ள ஒரே காலியிடம் மின்வழங்கல் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில்தான். அங்கே திருகிவிடலாமா?

மூன்றாம் மறுமொழியாளர்

அங்கே வைத்தால் காந்தப்புலத்தை வாங்கி, நீங்கள் தவிர்க்க நினைத்த ஹம்மையே திரும்பத் தரும். முடிந்தால் சேசிஸுக்கு வெளியே சிறு இரும்புப் பெட்டி ஒன்றில் வைத்துவிடுங்கள். உள்ளேதான் வைக்க வேண்டுமென்றால் அவசரப்பட்டுத் துளையிடாதீர்கள்: ஆம்பை நிறுத்தி, மின்தேக்கிகளைக் காலியாக்கி, டிரான்ஸ்ஃபார்மரை நீண்ட கம்பியில் தற்காலிகமாக இணைத்து, உறையிட்ட மரக்குச்சி ஒன்றின் நுனியில் கட்டுங்கள். பிறகு ஆம்பை இயக்கி, சுமை மின்தடையுடன், வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஹெட்ஃபோனில் கேட்டபடி குச்சியை மட்டும் பிடித்து டிரான்ஸ்ஃபார்மரை மெல்லத் திருப்புங்கள். மின்வழங்கல் டிரான்ஸ்ஃபார்மருக்குச் செங்குத்தாக வரும் ஏதோ ஒரு கோணத்தில் ஹம் சட்டென அடங்கும். அந்தக் கோணத்தைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, மறுபடி எல்லாவற்றையும் நிறுத்திய பிறகு துளையிடுங்கள்.