வாங்கி ஏமாந்த கேம்கள்: இன்னும் உறுத்துற அந்த ஒரு இடம் எது? பெங்களூரு கேமர்களே, ஏரியா பேரைப் போட்டுச் சொல்லுங்க.

பெல்லந்தூர்:
ஜிடிஏ ட்ரைலஜி, 2021 நவம்பர். மூணு பழைய கேமைப் புதுப்பிச்சு விட்டாங்க, சொதப்பின கதை எல்லாருக்கும் தெரியும். மனசு ஆறாதது சான் ஆண்ட்ரியாஸ்ல வர்ற டோனட் கடைதான். கடை பேரு ‘டஃப் நட்’, அதனால மேல ஒரு பெரிய இரும்பு நட்டு. பழைய கேம்ல ஆறு பட்டையும் தெளிவா இருக்கும். புதுசுல வழவழன்னு டயர் மாதிரி வட்டம். பட்டையை மழுங்கடிச்சவங்க கீழ இருக்கற பேரைக்கூட படிச்சுப் பார்க்கலை. எத்தனை பேருக்கு மனப்பாடமான ஊரு அது!

கே.ஆர்.புரம்:
நட்டு கண்ணுக்குத் தெரியுது. ப்ளேஸ்டேஷன் கேமை பிசிக்கு மாத்தறதுதான் போர்ட்; அந்தச் சொதப்பல் வாங்கின பிறகுதான் தெரியும். ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1’ பிசிக்கு 2023 மார்ச் 28 வந்தப்ப, முதல் திரையிலயே ‘பில்டிங் ஷேடர்ஸ்’, பக்கத்துல ஒரு சதவீதம். 17. ரொம்ப நேரம் கழிச்சு 18.

ஷேடர்னா காட்சியை எப்படி வரையணும்னு கிராஃபிக்ஸ் கார்டுக்குச் சொல்ற குட்டி ப்ரோக்ராம். ப்ளேஸ்டேஷன்ல எல்லார் வீட்டுலயும் ஒரே சிப், அதனால ஷேடரைத் தயார் பண்ணியே அனுப்பிடுவாங்க. பிசில கார்டுக்குக் கார்டு, அதை இயக்கற சாஃப்ட்வேரான டிரைவருக்கு டிரைவர் மாறும். அந்த வேலையை வாங்கினவர் ப்ராசஸர்தான் செய்யணும். டிரைவர் அப்டேட் போட்டா பெரும்பாலும் மறுபடி முதல்லேர்ந்து.

வயிறு எரியறது ரீஃபண்ட்லதான். பிசி கேம் விக்கற ஸ்டீம்ல வாங்கி 14 நாளுக்குள்ள, 2 மணி நேரத்துக்குக் கீழ ஆடியிருந்தா பணம் திரும்பும். ஆனா கேம் திறந்திருக்கற நேரமெல்லாம் கணக்கு. சதவீதம் ஏறுதான்னு பார்த்துட்டு உக்காந்திருந்ததும் அதுல சேரும்.

மிச்ச நேரத்துல இதைச் செய்ங்க. ஆஃப்டர்பர்னர்ங்கற சாஃப்ட்வேர்ல ஃப்ரேம்டைம் கோட்டைப் போடுங்க, ஒவ்வொரு ஃப்ரேமும் வர எவ்வளவு நேரம் ஆகுதுன்னு அது காட்டும். செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா 16.6 மில்லிசெகண்ட்ல கோடு படுத்தே கிடக்கணும். இப்ப ஒரே கதவை மூணு தடவை தாண்டுங்க. முதல் தடவை மட்டும் எகிறினா ஷேடர், ஆட ஆட சரியாகும். மூணு தடவையும் அதே இடத்துல எகிறினா, அடுத்த பகுதியை கேம் ஏத்தற விதத்துலயே கோளாறு. எல்லாத்தையும் லோவுல வச்சாலும் போகாது. அந்த நிமிஷமே ரீஃபண்ட் போட்டுடுங்க.

ஜெயநகர்:
சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் 2, 2023 அக்டோபர். ஆகாயத்துலேர்ந்து ஊரைப் பார்க்கற கேம், ஆளுங்க எறும்பு சைஸ். அந்த எறும்பு வாய்க்குள்ள முழுசா பல்வரிசை! தூரம் போகப் போக எளிய மாடலுக்கு மாத்தற வேலையைச் செய்யவே இல்லை. யாருமே பார்க்காத பல்லுக்காக கார்டு திணறுச்சு. செட்டிங்ஸ்ல டெப்த் ஆஃப் ஃபீல்டையும் (தூரத்தை மங்கலாக்கறது) வால்யூமெட்ரிக்ஸையும் (மேகம், மூடுபனி) அணைச்சா கொஞ்சம் மூச்சு விடும்.

அல்சூர்:
ஷேடர் 90ஐ தொட்டப்ப கரண்ட் போச்சு. அதுதான் உறுத்தல். மே மாச மழைக்கு நம்ம ஊர்ல வேற என்ன நடக்கும்?

யாரும் கேட்கலை, இருந்தாலும் சொல்றேன். 600 விஏ யுபிஎஸ்னா பெரும்பாலும் 360 வாட்தான். ஷேடர் தயாராகும்போது ப்ராசஸர் மட்டும்தான் உழைக்குது, கார்டு சும்மா கிடக்கு. மானிட்டரோட சேர்த்து யுபிஎஸ் தாங்கிடும். ஆட்டத்துல 200 வாட் கார்டும் சேர்ந்தா 360ஐ முட்டி, சேவ் பண்றதுக்குள்ள ட்ரிப் ஆகும். 1000 விஏ எடுங்க. உள்ள இருக்கற 12 வோல்ட் 7 ஏஹெச் பேட்டரி ரெண்டு மூணு வருஷத்துல சோர்ந்துடும். எஸ்.பி. ரோட்டுல பழசைக் குடுத்து மாத்தும்போது தயாரிச்ச மாசத்தைக் கேளுங்க, கடையில ரொம்ப நாள் சார்ஜ் ஏத்தாம கிடந்தது வேண்டாம். சிவப்பு, கருப்பு வயரைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ எடுத்துக்கங்க. லேசர் ப்ரிண்டரை அதே யுபிஎஸ்ல மாட்டவே மாட்டாதீங்க.

சிவாஜிநகர்:
எல்லாரும் ரீஃபண்ட்லயே நிக்கறீங்க. சொதப்பலா வந்த சைபர்பங்க் 2077ஐ 2020 டிசம்பர்ல சோனி தன் ஸ்டோர்லேர்ந்தே தூக்குச்சு. 2023 செப்டம்பர்ல 2.0 அப்டேட் வந்தது, போலீஸ் துரத்தல்லேர்ந்து ஸ்கில் வரைக்கும் மாத்தி எழுதினாங்க. நோ மேன்ஸ் ஸ்கை 2016ல வந்தப்ப வெறுமையா இருந்தது, அப்புறம் வருஷக்கணக்கா இலவச அப்டேட். பொறுத்தவங்களுக்குக் குறைஞ்ச விலைல முழு கேம் கிடைச்சது.

பெல்லந்தூர்:
சிவாஜிநகர் சார், அது ரெண்டும் நெட் இல்லாம தனியா ஆடலாம். பொறுக்கறதுக்கு கேம் அங்க இருக்கணுமில்ல? ஆன்லைன்ல மட்டுமே ஆடற கான்கார்ட் 2024 ஆகஸ்ட் 23 வந்தது, செப்டம்பர் 6 மூடிட்டாங்க. பணமாவது திரும்பக் குடுத்தாங்க. கார் ரேஸ் கேம் ‘தி க்ரூ’ 2014ல வந்தது. தனியா ஓட்டற ரேஸுக்கும் சர்வர் வேணும். 2024 மார்ச் 31ல அதை அணைச்சாங்க. மெஜஸ்டிக் நேஷனல் மார்க்கெட்ல பழைய டிஸ்க் பார்க்கறவங்க, அட்டைக்குப் பின்னாடி சின்ன எழுத்துல இன்டர்நெட் கட்டாயம்னு இருக்கான்னு முதல்ல பாருங்க. டிஸ்க்ல ஒரு கீறல் இருக்காது, புதுசு மாதிரி பளபளக்கும். போட்டா முதல் திரையைத் தாண்டாது.