மணிலாவில் நகர்ப்புற ஏழைகள் பற்றி எம்.ஏ.வா, இங்கேயே எம்.எஸ்.டபிள்யூ.வா?

கூவம்கரைப்பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். பி.காம். முடித்துவிட்டு சில வருடங்களாக எங்கள் சபை நடத்தும் மாலை நேர டியூஷன் சென்டரைப் பார்த்துக்கொள்கிறேன். இடம் பெரும்பாக்கம், வாரியக் குடியிருப்பு. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கூவம் கரையிலிருந்து கொண்டுவந்து இறக்கிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று, அதனால் வீடும் வேலையும் ஒரே இடம்தான்.

மணிலாவில் ஏசியன் தியாலஜிக்கல் செமினரியில் டிரான்ஸ்ஃபர்மேஷனல் அர்பன் லீடர்ஷிப் என்று ஒரு எம்.ஏ. இருக்கிறது, அப்ளை பண்ணு என்று எங்கள் ஆயர் விடாமல் சொல்கிறார். இந்த வகைப் படிப்புகளில் நில உரிமை, ஆரம்ப சுகாதாரம், சிறு தொழில், ஏழைகள் மத்தியில் சபை என்று பாடங்கள் வருமாம், ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் குடிசைப் பகுதியில் ஒரு குடும்பத்தோடு தங்கி அந்த ஊர் மொழியைக் கற்பதும் படிப்பில் சேர்த்தி என்று கேட்டதும் சிரிப்பு வந்துவிட்டது. லிஃப்ட் நின்றுவிட்டால் ஏழாவது மாடிக்குத் தண்ணீர் கேனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறுகிற ஆள் நான். இதைக் காசு கட்டி வேறு கற்றுக்கொள்ளணுமா?

அப்பா பி.எட். போதும் என்கிறார். கூட வேலை செய்கிறவர்கள் எம்.எஸ்.டபிள்யூ., அதாவது சமூகப்பணி முதுகலை, என்கிறார்கள். எனக்கு ஊழியமும் வேண்டும், மாதச் சம்பளமும் வேண்டும். இந்தப் பட்டத்தோடு வந்தால் இங்கே வேலை கிடைக்குமா? யாராவது படித்திருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பழைய களப்பணியாளர்:

தங்கச்சி, வேலைதான் கேள்வி என்றால் எம்.எஸ்.டபிள்யூ. படி. இரண்டாவது யோசனையே வேண்டாம்.

உங்கள் ஆயர் பதினைந்து வருடத்துக்கு முந்தைய உலகத்தை மனதில் வைத்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன். அன்றைக்கு ஒரு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனத்துக்கு அமெரிக்காவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ பணம் வரும், அதில் ஒரு பங்கு உங்கள் டியூஷன் சென்டர் மாதிரி சின்ன இடங்களுக்கு இறங்கும், செமினரியில் படித்தவர்களுக்கு அங்கே ஒரு நாற்காலி இருக்கும். அந்தக் குழாயை அடைத்தாகிவிட்டது. ஏழைக் குழந்தைகளுக்கு உதவிய அமெரிக்கக் கிறிஸ்தவ நிறுவனம் கம்பேஷன் இன்டர்நேஷனல் 2017இல் இந்தியாவை விட்டே போனது. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, ஒரு நிறுவனம் வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குக் கொடுக்கவே கூடாது என்றார்கள். நிர்வாகச் செலவு உச்சவரம்பும் 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. இதில் பலருக்குப் புரியாத விஷயம், களத்தில் இல்லாமல் ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர் சம்பளமும் அந்த 20க்குள்தான் வரும். அப்புறம் 2024இல் வேர்ல்ட் விஷன் இந்தியா, காசா (CASA, சபைகளின் சமூக சேவை அமைப்பு) என்ற இரண்டு கிறிஸ்தவத் தொண்டு நிறுவனங்களின் வெளிநாட்டு நன்கொடைப் பதிவும் ரத்து. எவ்வளவு பெரிய கைகள் என்று உனக்கே தெரியும்.

இப்போது ஆள் எடுப்பது கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பணத்தில் நடக்கும் திட்டங்கள், அரசாங்கத்தின் ஒப்பந்த வேலைகள். விளம்பரத்தில் "எம்.எஸ்.டபிள்யூ. அல்லது அதற்கு இணையான" என்றுதான் போடுவார்கள். செமினரி பெயரைப் பார்த்ததும் விண்ணப்பத்தை ஓரமாக வைத்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுப் பட்டம் என்றால் இங்கத்திய பட்டத்துக்கு இணையானது என்று சமநிலைச் சான்று வேறு வாங்க வேண்டும், சேருவதற்கு முன்பே விசாரித்துவிடு.

எம்.எஸ்.டபிள்யூ. என்றால் விசுவாசத்தை விட்டுவிட்டுப் போகிற மாதிரி சபையில் சிலர் பேசுவார்கள், காதில் போட்டுக்கொள்ளாதே. இன்றைக்கு டிஸ் என்கிறோமே, டாடா சமூக அறிவியல் நிறுவனம், அதன் முதல் இயக்குநர் கிளிஃபர்ட் மான்ஷார்ட் ஓர் அமெரிக்க மிஷனரி. மும்பை நாக்பாடாவில் தொழிலாளர் குடியிருப்புக்கு நடுவில் சமூக மையம் நடத்திய அனுபவத்தில்தான் 1936இல் அந்தப் பள்ளி உருவானது. இந்தியாவில் சமூகப்பணிப் படிப்பே மிஷன் வீட்டுத் திண்ணையில் பிறந்ததுதான்.

குவேசான் அக்கா:

மேலே அண்ணன் வேலையைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. படிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மணிலாவில் இதே வகைப் படிப்பு ஒன்றைப் படித்தவள் நான்.

குடும்பத்தோடு தங்குவது பற்றி நீ சிரித்தது சரிதான். இந்த மாதிரிப் படிப்புக்குப் பின்னால் இருக்கும் விவ் கிரிக் நியூசிலாந்துக்காரர், 1970களின் கடைசியில் மணிலாவின் டடாலோன் குடிசைப் பகுதியில் போய்க் குடியிருந்தவர். வெளியிலிருந்து வருகிறவன் ஏழைகளோடு குடியிருந்து கற்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. கலிஃபோர்னியாவிலிருந்து வருகிற பிள்ளைக்கு அது பெரிய திருப்பம். உனக்கு அதில் பாதி தேவையில்லை. வகுப்பில் "அவர்கள்" என்று பேசும்போதெல்லாம் "நாங்கள்" என்று திருத்த வேண்டியிருக்கும், சில நாள் அது அலுக்கும்.

ஆனால் நீ பார்க்காத ஒன்று அங்கே இருக்கிறது. நான் தங்கிய வீட்டு அம்மா அவர்கள் தெருச் சங்கத்தின் பொருளாளர். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கூடைப்பந்துத் திடலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நீளமான கணக்குப் புத்தகத்தைத் திறந்து, யார் யார் இந்த மாதத் தவணை கட்டவில்லை என்று எல்லோர் முன்னாலும் பேர் சொல்லி வாசிப்பார். கூடப் பிறந்த அண்ணன் பேரும் அதில் வரும். அது கந்துவட்டித் தவணை இல்லை, நிலத்துக்கான தவணை. 1988இலிருந்து அங்கே சமூக அடமானத் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆக்கிரமித்துக் குடியிருக்கிறவர்கள் சங்கமாகப் பதிவு செய்து, நிலத்தின் சொந்தக்காரரிடம் விலை பேசி, அரசு தரும் கடனில் மொத்தமாக வாங்குகிறார்கள். நான் இருந்தபோது வட்டி 6 சதவீதம், 25 வருடம் வரை கட்டலாம் என்று இருந்தது. முதலில் பத்திரம் சங்கத்தின் பேரில், பிறகுதான் வீடு வீடாகப் பிரியும். ஒருத்தர் கட்டாவிட்டால் சங்கத்துக்கே சிக்கல், அதனால்தான் அண்ணன் பேரையும் விடாமல் வாசிப்பது. இதுவும் எல்லா இடத்திலும் வெற்றி என்று சொல்ல மாட்டேன், தவணை நின்று பாதியில் உடைந்த சங்கங்களும் உண்டு.

1992இல் வந்த வீட்டுவசதிச் சட்டத்தில் இடிப்பதற்கு 30 நாள் முன்பே நோட்டீஸ் தர வேண்டும், குடியிருப்பவர்களோடு கலந்து பேச வேண்டும் என்று இருக்கிறது. மீறுவதும் நடக்கும். ஆனால் எங்கள் தெருப் பெண்களுக்கு அது எந்தப் பிரிவு என்று மனப்பாடம், இடிக்க வருகிற அதிகாரியிடமே நம்பர் சொல்லிக் கேட்பார்கள். உன்னை லாரியில் ஏற்றியபோது யாராவது அப்படிக் கேட்டார்களா?

அதைப் பார்க்கத்தான் போகணும். பட்டத்துக்காக என்றால் வேண்டாம்.

அரசரடிக்காரன்:

அக்கா சொன்னது ஏதோ மணிலாவில் மட்டும் கிடைக்கிற மாதிரி இருக்கிறது. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் மாணவர்களை வளாகத்துக்கு வெளியே சேரியிலும் கிராமத்திலும் தங்கிப் படிக்க வைத்த பழக்கம் பல வருடங்களுக்கு முன்பே உண்டு. அங்கே ஆசிரியராக இருந்த இறையியலாளர் தியோபிலஸ் அப்பாவு அங்கேதான் "ஒரே உலை" என்று பேசினார், கடவுளின் ராஜ்ஜியம் என்றால் எல்லோரும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவது என்று. ஒரே சபைக்குள் சாதிக்கொரு பெஞ்சும் சாதிக்கொரு கல்லறையும் இருக்கிற நம்மூரில் இதைப் பேசாமல் நகர்ப்புற வறுமை என்று எதைப் படித்தும் பிரயோஜனம் இல்லை, அதுவும் வாரியக் குடியிருப்புகளில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டே. மணிலாப் பாடத்தில் சாதி எங்கே வரும்? ஒரு கஷ்டம், அங்கே தருகிற செராம்பூர் பி.டி. (இறையியல் பட்டம்) முடிக்க நாலைந்து வருடம் ஆகும். உங்கள் அவசரத்துக்கு ஒத்து வராது.

கூவம்கரைப்பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. அக்கா கேட்டதற்குப் பதில்: யாரும் கேட்கவில்லை. டோக்கன் வாங்கத்தான் ஓடினோம்.

சாதி பற்றிச் சொன்ன அண்ணனுக்கு, நாங்களும் ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்கள்தான், எங்கள் சான்றிதழில் பி.சி. என்றுதான் வரும். கல்வி உதவித்தொகையும் கிடைக்காது என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

பழைய களப்பணியாளர்:

தப்பு. இடஒதுக்கீட்டில்தான் பி.சி. மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறிஸ்தவர்களுக்கும் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பதற்கான) உதவித்தொகையை மாநில அரசு தருகிறது. வருட வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்ததும் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் பார்க்கும் கிளார்க்கைத் தேடிப் போ, தேதி தாண்டினால் அந்த வருடம் போச்சு.

கூவம்கரைப்பொண்ணு:

இது தெரியாமலே இருந்தேன், ரொம்ப நன்றி அண்ணா. அப்போ இந்த வருடம் எம்.எஸ்.டபிள்யூ. ஃபாரம் வாங்குகிறேன், ஆயரிடம் எப்படியாவது பேசிக்கொள்கிறேன். அக்கா, உங்களிடம் ஒன்று. எங்கள் பிளாக்கில், குடியிருப்பவர்களே பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் "நம் குடியிருப்பு நம் பொறுப்பு" திட்டத்தில் சங்கம் பதிவு செய்தாயிற்று, பராமரிப்புப் பணம் வசூலிப்பதில்தான் தினமும் சண்டை. அந்தத் தெருச் சங்கத்து விதிமுறை நகல் இருந்தால் அனுப்ப முடியுமா? அந்த ஊர் மொழியான தகலோகில் இருந்தாலும் பரவாயில்லை, கட்டாதவர் பேரை எப்படி எழுதுகிறார்கள் என்று பார்க்கணும்.