புதுப்பிப்பு: தமிழ்ச் சொற்களால் எழுதும் நிரல்மொழிக்கான பார்சர்

உயர்தரப் பிள்ளைகளுக்காகக் கல்லடியில் இருந்தபடி செய்துவரும் சின்ன நிரல்மொழியின் பார்சரைப் (எழுதிய வரியைப் பிரித்து அதன் அமைப்பைக் கண்டறியும் பகுதி) பற்றிப் போன கிழமை கேட்டிருந்தேன். 10 - 4 - 3 கொடுத்தால் 3 வராமல் 9 வந்தது. காரணம் பிடிபட்டுவிட்டது. "கோவை = உறுப்பு - கோவை" என்று விதி எழுதியிருந்தேன் (கோவை என்பது முழுக் கணக்கு, உறுப்பு என்பது அதிலுள்ள 10, 4 போன்ற ஒரு துண்டு); அதனால் வலப்பக்கம் முதலில் சேர்ந்து 10 - (4 - 3) ஆகிவிட்டது. விதியை "கோவை = கோவை - உறுப்பு" என்று திருப்பிப் போட்டால் கோவையை வாசிக்கும் செயற்கூறு ஒரு டோக்கனையும் (எண், குறி போன்ற சிறு துண்டு) வாசிக்காமல் தன்னையே அழைத்துக்கொண்டிருக்கும். சரி என்று, ஓர் உறுப்பை வாசித்து, கழித்தல் குறி வந்துகொண்டிருக்கும்வரை, அதுவரை வாசித்ததை இடப்பக்கக் கிளையாக வைத்துக் கணக்கின் மரத்தைக் கட்டும் லூப் ஆக்கினேன். பெருக்கலின் முன்னுரிமைக்கு கணினி அறிஞர் வாகன் பிராட் 1973இல் வெளியிட்ட முறை அழகாகப் பொருந்தியது.

அப்புறம்தான் பெரிய விஷயம். கல்முனைத் தம்பி ஒருவர் போனில் எழுதிய நிரலில் "தொகை" என்ற மாறியே இல்லை என்று பிழை. நிரலில் இரண்டு இடத்தில் இருந்த "தொகை"யும் கண்ணுக்கு ஒன்றுதான். ஆனால் எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் "தொ" என்பதை த + ொ என்றும் எழுதலாம், த + ெ + ா என்றும் எழுதலாம். இப்போது நிரலை டோக்கன்களாக வெட்டும் லெக்ஸருக்குப் போகுமுன் எல்லாவற்றையும் என்எஃப்சி (NFC) என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றுகிறேன். தமிழில் மொழி செய்பவர்கள் இதை முதல் நாளே செய்யுங்கள்.

பிழை காட்டும் அம்புக்குறி மட்டும் இன்னும் தள்ளி விழுகிறது; "தொ" திரையில் ஓரெழுத்து, கணக்கில் இரண்டு. இன்றிரவு அதில்தான் இருக்கிறேன்.