மறுமொழி: 'இன்விசிபிலிட்டி'க்குச் சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

எல்லோருக்கும் வணக்கம். 1960இல் எட்கர் உல்மர் இயக்கிய 'தி அமேசிங் டிரான்ஸ்பரன்ட் மேன்' படத்துக்குத் தமிழ் சப்டைட்டில் எழுதிக்கொண்டிருக்கிறேன். பெட்டகம் உடைக்கும் திருடன் ஒருவனைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கி, கதிரியக்கப் பொருளைத் திருட அனுப்புகிறான் ஒரு முன்னாள் ராணுவ மேஜர். திருடனோ வங்கிக்குப் போய்விடுகிறான், கொள்ளையின் நடுவே உடம்பு தெரிய ஆரம்பித்துவிடுகிறது. 'கண்ணுக்குப் புலப்படாத தன்மை' என்று போட்டால் படித்து முடிப்பதற்குள் அடுத்த வசனம் வந்துவிடும். சின்னச் சொல்லாக ஒன்று சொல்லுங்கள்.

---

தம்பி, 'அருவம்' இருக்கிறதே. உருவம், அருவம், அருவுருவம் என்று சைவ சித்தாந்தம் எப்போதோ வகுத்து வைத்துவிட்டது. ஆளை 'அருவன்' என்று சொல்லிவிடலாம்.

---

ஐயா, ஏற்க முடியவில்லை. அருவத்துக்கு வடிவமே கிடையாது. இந்தத் திருடனுக்குக் கை கால் எல்லாம் இருக்கிறது, சுட்டால் குண்டு படும். தெரியவில்லை, அவ்வளவுதான். படத்தின் பெயரிலேயே 'டிரான்ஸ்பரன்ட்' என்றுதானே இருக்கிறது? அது 'ஒளிபுகு'. பாடநூலில் உள்ள சொல், பிள்ளைகளுக்கும் தெரியும்.

---

> அது 'ஒளிபுகு'

கண்ணாடியும் ஒளிபுகும் பொருள்தான், ஆனால் கண்ணாடி தெரிகிறதே அம்மா! காற்றின் ஒளிவிலகல் எண்ணோடு உடம்பின் எண்ணும் ஒத்துப்போனால்தான் சுத்தமாகத் தெரியாது. 1897இல் எச். ஜி. வெல்ஸ் தன் 'தி இன்விசிபிள் மேன்' நாவலில் சொன்ன விளக்கமே அதுதான். என் சொல் 'காணா மனிதன்'. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'உண்ணாப் பிள்ளை' என்றால் உண்ணாதது பிள்ளை, 'உண்ணாச் சோறு' என்றால் உண்ணப்படாதது சோறு. வினைமுதலையும் செயப்படுபொருளையும் பெயரெச்சம் ஒன்றுபோலவே ஏற்கும். அப்படிப் பார்த்தால் 'காணா மனிதன்' பிறரால் காணப்படாதவன், தானும் காணாதவன். விழித்திரையும் ஒளியை உறிஞ்சாமல் விட்டுவிட்டால் அவனுக்குப் பார்வை ஏது? இரண்டு பொருளும் இயற்பியலுக்குப் பொருந்துகிறது. இப்படி ஒரு சொல் வேறு எந்த மொழியில் கிடைக்கும்?

---

அழகுதான், ஆனால் படம் பார்ப்பவர் குருடன் கதை என்று நினைத்துவிடுவார்.

நான் 'கரவு' என்பேன். கரத்தல் என்றால் மறைத்தல், 'காக்கை கரவா கரைந்துண்ணும்' குறளை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கரவுக்கு வஞ்சனை, களவு என்றும் பொருள் உண்டு, கரவடர் என்றால் கள்வர். மறைவும் குற்றமும் ஒரே வேரில்! சிலம்பில் கொலைக்களக் காதையைப் பாருங்கள். கள்வருக்குத் துணையாகும் எட்டைப் பொற்கொல்லன் அடுக்கும்போது முதலில் சொல்வது மந்திரம். அதை ஓதிவிட்டால் தேவகுமாரரைப் போல நம் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள் என்று காவலரிடம் சொல்கிறான். தெரியாமல் திருடுபவன் நமக்கு ஒன்றும் புதியவன் இல்லை. அந்தப் பேச்சில்தான் கோவலன் உயிர் போனது.

---

சிலம்பு சரி ஐயா. 'கரவு நீங்கிவிட்டது, ஓடு!' என்று திரையில் வந்தால் யாருக்குப் புரியும்? ஊரெல்லாம் 'மாய மனிதன்' என்றுதானே சொல்கிறது?

---

மாயம் என்றால் மந்திரவாதி வந்துவிடுவார், இது விஞ்ஞானப் படம். 'மறைநிலை'யை இணைய உலாவிக்காரர்கள் 'இன்காக்னிட்டோ'வுக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஒரு கிளைச்செய்தி: வெல்ஸ் நாவலை வைத்து யுனிவர்சல் 1933இல் எடுத்த படத்தில் நடிகருக்குக் கறுப்பு வெல்வெட் போர்த்தி, கறுப்பு வெல்வெட் பின்னணியில் நிறுத்திப் படம்பிடித்து, பிறகு காட்சியோடு இணைத்தார் தந்திரக் காட்சி நிபுணர் ஜான் ஃபுல்டன். வெறும் சட்டை நடமாடியது அப்படித்தான். காசில்லாத படக்காரர்களுக்குக் கதவு தானாகத் திறந்தாலே போதும், மிச்சத்தை நடிகரின் குரல் பார்த்துக்கொள்ளும். அதனால் இந்தப் படங்களில் வசனம்தான் எல்லாம், சொல் காதில் உறுத்தக் கூடாது.

---

எல்லோருக்கும் நன்றி. நாளை அனுப்பியாக வேண்டும். நிலையைக் குறிக்க 'புலப்படாமை', வசனத்தில் 'தெரியாமல் போதல்' என்று போட்டிருக்கிறேன். நான்கு பேர் சரி என்றீர்கள், யாருக்கும் முழுத் திருப்தி இல்லை என்பது தெரிகிறது.

---

தம்பி, 'புலப்படாமை' என்றால் புரியாமை என்றும் ஆகும். என் வாக்கு கரவுக்குத்தான், பதிவு செய்துகொள்ளுங்கள்.