என் பெயரில் ஒரு தவறான வரி: உதவி ஆசிரியரிடம் எப்படிச் சொல்வது?

கேள்வி:
தரங்கம்பாடி பற்றி ஓர் இதழுக்கு எழுதினேன். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையை உதவி ஆசிரியர் ‘டச்சுக் கோட்டை’ என்று மாற்றி அச்சேற்றிவிட்டார். ஊர்க்காரர் ஒருவர் என்னைத்தான் கடிந்துகொண்டார். இரண்டு இரவுகளாகத் தூக்கமில்லை. அடுத்த கட்டுரையும் அவர் கைக்கே போகும். என்ன செய்யட்டும்?

பதில்:
இன்றே மின்னஞ்சலில் திருத்தம் கேளுங்கள். தொலைபேசியில் பேசினால் கோபம் குரலில் வந்துவிடும். கோட்டை அருங்காட்சியகத்தில் எடுத்த படம் இருந்தால் இணையுங்கள்.

மற்றொரு பதில்:
நான் ஆண்டு, பெயர், பஸ் தடம் அனைத்துக்கும் ஆதாரத்தைக் கட்டுரையின் கீழேயே எழுதி அனுப்புகிறேன். அச்சுக்கு முன் சரிபார்க்கும் படியான மெய்ப்பையும் கேட்டு வாங்குகிறேன். இது நம் உரிமை, தயங்காதீர்கள்.

கேட்டவர்:
அனுப்பினேன். வருத்தம் தெரிவித்தார். அடுத்த இதழில் திருத்தம் வருகிறது. தரங்கம்பாடி 1845-இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டதையும் சேர்க்கச் சொன்னார்.