பாக்ஸ்வுட்டா, ஹாலியா? (எங்கள் தெரு குழு, கேரி, நார்த் கரோலினா)

கார்த்திக்: எல்லோருக்கும் வணக்கம். வீட்டு முன்னால் பில்டர் வைத்துக் கொடுத்த பாக்ஸ்வுட் வரிசையில் கராஜ் பக்கம் உள்ள செடிகள் மஞ்சளாகி, கொப்பு கொப்பாகக் காய்கின்றன. படம் பாருங்கள். இணையத்தில் தேடினால் பாக்ஸ்வுட் பிளைட் என்ற நோய் என்று வருகிறது. மொத்தமாகப் பிடுங்கிவிடவா?

செந்தில்: பிடுங்கிவிடு தம்பி. அது பொல்லாத பூஞ்சை, பக்கத்து வீட்டுக்கும் பரவும். பக்கத்து வீடு யார் வீடு? என் வீடு.

ரேவதி: கொஞ்சம் பொறுங்கள் இரண்டு பேரும். கார்த்திக், ஒரு கொப்பை ஒடித்துக் கையில் வைத்துக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புப்பா. இலை தண்டில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். தூரத்துப் படத்தில் சின்ன இலைச் செடி எல்லாமே ஒன்று போலத்தான் தெரியும்.

கார்த்திக்: இந்தாங்க அக்கா. (படம்)

ரேவதி: நினைத்தேன். இது பாக்ஸ்வுட்டே இல்லை, ஜப்பானிய ஹாலி. கட்டையாகப் படர்ந்திருப்பதைப் பார்த்தால் ஹெல்லரி ரகம் போலத் தெரிகிறது. பாக்ஸ்வுட்டில் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு இலை, நேருக்கு நேர் ஜோடியாக இருக்கும். ஹாலியில் ஒரு கணுவுக்கு ஓர் இலைதான், இந்தப் பக்கம் ஒன்று அடுத்து அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி ஏறும். உன் படத்தில் மாறி மாறித்தான் இருக்கிறது. ஓரத்தைத் தடவிப் பார், லேசாகப் பல் பல்லாக இருக்கும், இலையைத் திருப்பினால் அடியில் பொடிப்பொடியாகக் கறுப்புப் புள்ளி தெரியும். பாக்ஸ்வுட் இலை ஓரம் வழவழவென்று இருக்கும், நுனியில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், இளங்கொப்பு உருண்டையாக இல்லாமல் நான்கு மூலையாக இருக்கும்.

மீனா: நான் இத்தனை நாளும் முள் இருந்தால் ஹாலி, முள் இல்லாவிட்டால் பாக்ஸ்வுட் என்றுதான் வைத்திருந்தேன்.

ரேவதி: முள்ளை நம்பவே நம்பாதே மீனா. ஹாலியில் 500-க்கு மேல் இனம் இருக்கிறது, பலவற்றுக்கு முள்ளே கிடையாது. சில இனம் குளிரில் இலையைக்கூட உதிர்த்துவிடும், விண்டர்பெரி அப்படித்தான். உங்கள் பின்வாசலில் முள்ளு முள்ளாக நிற்கிறதே, அக்டோபரில் தெருவே மணக்கிறதே, அது ஹாலி இல்லை, ஆஸ்மாந்தஸ். இலை ஜோடி ஜோடியாக இருக்கும், போய்ப் பார். வயதான செடியில் மேல் கொப்புகளில் முள்ளே மறைந்துவிடும்.

மீனா: பார்த்துவிட்டேன். ஜோடிதான்!! நர்சரிக்காரரே ஹாலி என்று சொல்லித்தான் விற்றார்.

பிரபு: எங்கள் ஊர்ப் பக்கம், நீலகிரிச் சோலைகளில், ஹாலி மரம் உண்டு தெரியுமா? ஐலெக்ஸ் வைட்டியானா. நல்ல உயரமாக வளரும், இலையில் முள் கிடையாது, சிவப்புப் பழம். கிறிஸ்துமஸ் கார்டு ஹாலியோடு யாரும் அதைச் சேர்த்து நினைக்க மாட்டார்கள்.

செந்தில்: சரி சரி, தாவரவியல் இருக்கட்டும். செடி ஏன் சாகிறது? எனக்குப் பரவுமா பரவாதா?

ரேவதி: பாக்ஸ்வுட் பிளைட் ஹாலிக்கு வராது அண்ணா. அது பாக்ஸ்வுட் குடும்பத்துக்கு மட்டும், அதாவது பாக்ஸ்வுட், ஸ்வீட்பாக்ஸ், நிழலில் தரையை மூடப் போடும் பாக்கிசாண்ட்ரா. அமெரிக்காவில் அதை முதலில் கண்டுபிடித்தது 2011-இல், கனெக்டிகட்டிலும் நம் நார்த் கரோலினாவிலும். அது வந்தால் இலையில் வட்டமாகக் கரும்புள்ளி வரும், பச்சைத் தண்டில் நீளவாக்கில் கறுப்புக் கோடு விழும், பிறகு கீழிருந்து இலை கொட்டி மொட்டையாகும். கார்த்திக் செடியில் அப்படிக் கோடும் இல்லை, இலையும் காய்ந்து அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. எனக்கு வேரில்தான் சந்தேகம். கராஜ் மூலையில் கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே முடிகிறது?

கார்த்திக்: சரியாக அந்தச் செடிகளின் காலடியில் முடிகிறது அக்கா.

ரேவதி: அதுதானே. நம் சிவப்புக் களிமண்ணில் தண்ணீர் வடியவே வடியாது. ஜப்பானிய ஹாலிக்கு ஈரம் தேங்கினால் ஆகாது, அதுவும் ஹெல்லரி கறுப்பு வேரழுகல் நோய்க்குப் பேர்போனது. ஓரமாகத் தோண்டி ஒரு பிடி வேரை எடுத்துக் கழுவிப் பார், நல்ல வேர் வெள்ளையாக இருக்கும், நோய் வந்ததில் இடையிடையே மையைத் தொட்டு வைத்தது போலக் கறுப்பாக இருக்கும். கண்ணால் பார்த்து முழுக்க உறுதி சொல்ல முடியாது, ராலேயில் என்.சி. ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் செடி நோய்ப் பரிசோதனை மையம் இருக்கிறது, சிறு கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துச் சொல்வார்கள். சாம்பிளை வேரோடும் மண்ணோடும் கொடுக்க வேண்டும், காய்ந்த கொப்பை மட்டும் கொண்டுபோனால் பிரயோசனமில்லை.

கார்த்திக்: (படம்) இதோ வேர். கறுப்பு தெரிகிறது.

செந்தில்: அப்போ காய்ந்ததை எடுத்துவிட்டு அதே செடியைப் புதிதாக வாங்கி வைத்துவிடலாமே. எச்ஓஏ-காரர்கள் (வீட்டு உரிமையாளர் சங்கம்) வரிசை ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று கடிதம் போடுவார்கள்.

ரேவதி: அதே இடத்தில் அதே செடியா? மண்ணில் பூஞ்சை அப்படியே உட்கார்ந்திருக்கும், புதிதும் போய்விடும். முதலில் குழாயை நீட்டித் தண்ணீரைத் தள்ளி விட வேண்டும். அப்புறம் அந்த இடத்துக்குக் குட்டை யோப்பான் வைக்கலாம். அதுவும் ஹாலிதான், சின்ன இலை, வெட்டிவிட்டால் உருண்டையாக நிற்கும், தள்ளி நின்று பார்த்தால் எச்ஓஏ-வுக்கு வித்தியாசமே தெரியாது. இந்தத் தென்கிழக்குப் பகுதியின் சொந்தச் செடி, ஈரமும் தாங்கும் வறட்சியும் தாங்கும், இந்த வேர் நோய்க்கும் எளிதில் மடங்காது. இங்க்பெரி என்ற இன்னொரு ஹாலியை வைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், ஈரத்துக்கு அது நல்ல செடிதான், ஆனால் இதே கறுப்பு வேரழுகல் அதற்கும் வரும் என்பதால் இந்த இடத்துக்கு நான் வைக்க மாட்டேன்.

பிரபு: யோப்பானையும் இங்க்பெரியையும் கடையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பார்கள், சீட்டு மாறியிருந்தால்?

ரேவதி: யோப்பான் தண்டு சாம்பல் வெள்ளையாக இருக்கும், தளிர் பல சமயம் கொஞ்சம் ஊதா ஓடினாற்போல் வரும், இலை ஓரம் முழுக்க மழுங்கிய பல். இங்க்பெரியில் நுனிக்குப் பக்கத்தில் மட்டும் ஒன்றிரண்டு பல். பழம் இருந்தால் இன்னும் சுலபம், யோப்பானுக்குச் சிவப்பு, இங்க்பெரிக்கும் ஜப்பானிய ஹாலிக்கும் கறுப்பு. ஆனால் பெண் செடியில்தான் பழம் வரும் என்பதால் அதையே நம்பிக்கொண்டிருக்க முடியாது.

பிரபு: யோப்பான் இலையில் காஃபீன் இருக்கிறது என்பது உண்மையா?

ரேவதி: உண்மை. இங்கிருந்த பூர்வகுடிகள் அந்த இலையை வறுத்துக் கொதிக்கவைத்துக் குடித்தார்கள், இப்போதும் டீயாக விற்கிறார்கள். தென் அமெரிக்காவில் குடிக்கும் மாட்டேவும் ஹாலிதான். அதற்காக மருந்து அடித்த வேலியில் இலை பறித்துவிடாதீர்கள்.

மீனா: எங்கள் வீட்டில் பெரிய ஹாலி ஒன்று, பழமே வைத்ததில்லை. ஆண் மரமாக இருக்குமோ?

ரேவதி: இருக்கலாம், இல்லை பக்கத்தில் ஆண் துணை இல்லாத பெண்ணாகவும் இருக்கலாம். வசந்தத்தில் பூவைப் பார், நடுவில் பச்சையாகக் குட்டி உருண்டை இருந்தால் பெண். பர்ஃபோர்ட், நெல்லி ஸ்டீவன்ஸ் போன்ற சில ஹாலி ரகங்கள் ஆண் இல்லாமலே காய்க்கும், அதனால்தான் கடை வாசல், பார்க்கிங் எங்கும் அவையே நிற்கின்றன. எது வைத்தாலும் நந்தினா மட்டும் வேண்டாம். அந்தச் சிவப்புப் பழத்தில் சயனைடு இருக்கிறது, 2009-இல் ஜார்ஜியாவில் சீடர் வாக்ஸ்விங் குருவிகள் அதை வயிறு முட்டத் தின்று கூட்டமாகச் செத்துக் கிடந்தன.

செந்தில்: என் வீட்டுச் சரிவுக்கு ஒரு வழி சொல்லுங்கள். புல் வரவில்லை, மழைக்கு மண் ஓடுகிறது. ஐவிக் கொடி போட்டால் சீக்கிரம் மூடும் என்கிறார்கள்.

ரேவதி: சீக்கிரம் மூடும், அப்புறம் மரத்தையும் மூடும், பின்னால் இருக்கும் காட்டையும் மூடும். வேண்டாம் அண்ணா. புல் போலத் தரையை மூடும் லிரியோப்பி போடுங்கள். அதிலும் கொத்தாக நிற்கும் மஸ்காரி இனத்தைக் கேளுங்கள், ஸ்பிகாட்டா இனம் என்றால் மண்ணுக்கடியில் ஓடி அடுத்த வீட்டுக்குப் போய்விடும். அந்தச் சரிவு நல்ல நிழல் என்றால் மாண்டோ புல்லும் சரி, மெதுவாகத்தான் பரவும்.

மீனா: இரண்டும் ஒன்றுதானே?

ரேவதி: பார்வைக்கு அப்படித்தான். மாண்டோ இலை மெல்லிசு, பூ இலைக்குள்ளே மறைந்திருக்கும், பழம் நீலம். லிரியோப்பி இலை அகலம், ஊதாப் பூ தண்டோடு மேலே எழும்பி நிற்கும், பழம் கறுப்பு. லிரியோப்பியை பிப்ரவரியில் புதுத்தளிர் வருமுன் ஒட்ட வெட்டிவிட வேண்டும், தாமதித்து வெட்டினால் வருடம் முழுக்க நுனி மொட்டையாக நிற்கும்.

லலிதா ஆன்ட்டி: நான் கும்பகோணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்திருக்கிறேன். இங்கே பூங்காவில் மர நிழலில் நீலப் பூவோடு ஒரு கொடி தரையெல்லாம் படர்ந்திருக்கிறது. பூ அச்சு அசலாக நம் நித்யகல்யாணி.

ரேவதி: சரியாகப் பிடித்தீர்கள் ஆன்ட்டி. அது வின்கா மைனர், நித்யகல்யாணியோடு ஒரே குடும்பம். நித்யகல்யாணியையே முன்பு வின்கா ரோசியா என்றுதான் எழுதினார்கள். இது குளிரிலும் பச்சையாக இருக்கும். ஆனால் காட்டுக்குள் புகுந்து பரவுவதால் வீட்டில் வைக்கச் சொல்ல மாட்டேன்.

லலிதா ஆன்ட்டி: பூஜைக்கு நாலு பூ பறித்தால் குற்றமில்லையே?

பிரபு: பூங்காவில் பறிக்கக் கூடாது ஆன்ட்டி, அபராதம் போட்டுவிடப் போகிறார்கள். எங்கள் பின்பக்கம் கிடக்கிறது, வந்து வேண்டியதைப் பறித்துக்கொள்ளுங்கள், வேரோடு எடுத்தாலும் சந்தோஷம்தான்.

கார்த்திக்: குழாய்க்கு நீட்டிப்பு வாங்கிவிட்டேன். திங்கட்கிழமை சாம்பிளைக் கொடுத்துவிட்டு, முடிவு வந்ததும் யோப்பான் வாங்கப் போகிறேன். செந்தில் அண்ணா, உங்கள் பக்கத்துச் செடிகளும் ஹெல்லரிதான், இப்போதுதான் வேலியோரம் நின்று பார்த்தேன். உங்கள் குழாயும் அங்கேதான் முடிகிறது.

செந்தில்: எந்தக் கடையில் வாங்கினாய் தம்பி? எனக்கும் ஒன்று எடுத்து வை.