புதுப்பிப்பு: துருப்பிடித்த உளிகள், வினிகரில் சரியாகிவிட்டன

அப்பாவின் மூன்று பழைய உளிகளில் ஏறிய துருவை வீட்டுப் பொருட்களால் எடுக்க வழி கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தேன். மேல்துரு போனது, குழிகளில் இருந்தது அசையவில்லை. அப்புறம் வினிகரில் ஊறவைக்கச் சொன்னவர் பேச்சைக் கேட்டேன். மரப்பிடி நனையாமல் இரும்பு மட்டும் மூழ்கும்படி ஓர் இரவு. காலையில் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்ததுமே துரு சேறு மாதிரி கழன்று வந்தது. இரும்பு கொஞ்சம் கறுத்துவிட்டது, பரவாயில்லை.

எதிர்பாராதது ஒன்று: கழுவி ஈரத்தோடு வைத்த முதல் உளியில் அரை மணி நேரத்திலேயே மஞ்சளாகப் புதுத் துரு! அதை மறுபடி தேய்த்து, மூன்றையும் சமையல் சோடா கரைத்த நீரில் அலசி, உடனே துடைத்து, வெயிலில் காயவைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினேன். இரண்டு வாரமாகிறது, இன்னும் துரு எட்டிப் பார்க்கவில்லை.